ஹெய்ட்டிங்கா நல்ல கோச்சா இல்லையா? அயாக்ஸ் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோப்_மூலை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நான் லிவர்பூல் ரசிகன். டச்சு லீக்கை எல்லாம் உட்கார்ந்து பார்க்கும் ஆள் இல்லை. 2024-25 சீசனில் ஆர்னே ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் இருந்த துணைக் கோச் என்ற அளவில்தான் எனக்கு ஜான் ஹெய்ட்டிங்காவைத் தெரியும். நாங்கள் லீக் பட்டம் வென்றோம். அவர் உடனே டச்சு கிளப் அயாக்ஸுக்குத் தலைமைக் கோச்சாகக் கிளம்பிவிட்டார். நல்ல மனிதர், நன்றாக வரட்டும் என்று வாழ்த்திவிட்டு நானும் மறந்துவிட்டேன். பார்த்தால் நவம்பர் முதல் வாரத்திலேயே வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள்.

என் சந்தேகம் இதுதான். பல வருடம் அயாக்ஸின் சின்னப் பையன்களுக்குக் கோச்சாக இருந்தவர், பிறகு அவர்களுடைய ரிசர்வ் அணிக்கும் கோச், அதிலெல்லாம் நல்ல பெயர் என்கிறார்கள். அப்படிப்பட்டவர் தலைமைப் பொறுப்பில் ஏன் இப்படிக் கவிழ்ந்தார்? இளையோர் அணியில் வாங்கிய பெயரே ஊதிப் பெருக்கியதா? என் மச்சானிடம் கேட்டால், "2010 உலகக் கோப்பை ஃபைனலில் ரெட் கார்டு வாங்கியவன்தானே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். அதைத் தாண்டி யாராவது சொல்லுங்களேன்.

---

நீலச்சட்டை

எவர்ட்டன்காரன் என்ற முறையில் அவர் ஆடிய காலத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். கோச்சிங் கதைக்கு ஆம்ஸ்டல்வீன் அண்ணன் எப்படியும் வருவார்.

2009 ஆகஸ்டில் எங்கள் டிஃபெண்டர் லெஸ்காட்டை மான்செஸ்டர் சிட்டி தூக்கிக்கொண்டு போனது. செப்டம்பர் 1, டிரான்ஸ்ஃபர் கெடு முடியும் நாளில் அட்லெட்டிகோ மாட்ரிடிலிருந்து ஹெய்ட்டிங்கா வந்து சேர்ந்தார். அப்போதைய மேனேஜர் டேவிட் மோயஸ் அவரை ஓர் இடத்தில் நிலையாக வைக்கவே இல்லை. ஒரு வாரம் ரைட் பேக், அடுத்த வாரம் நடுக்களத்தில் தடுப்பு வேலை, அப்புறம் சென்டர் பேக், அதாவது கடைசி வரிசையின் நடுவில் நிற்கும் டிஃபெண்டர். முகம் சுளிக்காமல் எல்லாம் ஆடினார். 2011-12இல்தான் சென்டர் பேக்காகத் தொடர்ந்து வாய்ப்பு கிடைத்தது, அந்த சீசனின் சிறந்த வீரர் விருது எங்கள் கிளப்பில் அவருக்குத்தான். பெரிய உயரம் கிடையாது, வேகமும் சுமார். ஆனால் பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்த மாதிரி போய் நிற்பார்.

அதன்பின் இறக்கம்தான். 2014 ஜனவரியில் ஃபுல்ஹம், அந்த அணி அந்த சீசனிலேயே கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. அடுத்து பெர்லினில் ஹெர்த்தா. 2015இல் அயாக்ஸுக்கே திரும்பினார், அதிகம் ஆடவில்லை, 2016 தொடக்கத்தில் 32 வயதில் நிறுத்திக்கொண்டார். நெதர்லாந்துக்கு 87 ஆட்டம். அந்த நாட்டில் 87 என்பது சும்மா இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: 2023இல் வெஸ்ட் ஹாமுக்கு அவரைத் துணைக் கோச்சாகக் கூப்பிட்டது அதே மோயஸ். தன்னிடம் ஆடியவனைப் பத்து வருடம் கழித்து ஒரு மேனேஜர் தேடிக் கூப்பிடுகிறார் என்றால் அந்த ஆளிடம் ஏதோ சரக்கு இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

---

ஆம்ஸ்டல்வீன்வாசி

வந்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்குத் தூங்கப் போக வேண்டியவனை உட்கார வைத்துவிட்டீர்கள். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கு சுருக்கமாக: இளையோர் கோச்சாக அவர் வாங்கிய பெயர் உண்மையானதுதான். தலைமைக் கோச்சாகத் தோற்றதும் உண்மைதான். முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வரும் என்று நம்பியது அயாக்ஸ். அப்படி நம்பக் காரணம் ஹெய்ட்டிங்காவே இல்லை, ஃபிராங்க் டி போர். அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் மச்சானுக்குப் பதில். ரெட் கார்டு வாங்கியது உண்மை. ஒன்றில்லை, இரண்டு. 2004 யூரோவில் செக் குடியரசுக்கு எதிரான ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? நெதர்லாந்து 20 நிமிடத்துக்குள் 2-0 முன்னிலை. அப்புறம் ராபனை வெளியே எடுத்தார் கோச் அட்வகாட், நாடே அவரைத் திட்டியது. 2-2 ஆனபின் 75ஆவது நிமிடத்தில் ஹெய்ட்டிங்காவுக்கு இரண்டாவது மஞ்சள். அப்போது அவருக்கு 20 வயது. 88ஆவது நிமிடத்தில் செக் வீரர் ஸ்மிட்சர் அடித்து 3-2.

அடுத்தது 2010, ஜோகன்னஸ்பர்க், ஸ்பெயினுக்கு எதிரான அந்த ஃபைனல். எல்லாருக்கும் 109ஆவது நிமிடம்தான் ஞாபகம், இனியஸ்தாவைப் பின்னால் இழுத்தார், நடுவர் ஹவர்ட் வெப் வெளியே அனுப்பினார். யாரும் 70ஆவது நிமிடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நவாஸ் வலப்பக்கத்திலிருந்து தாழ்வாக ஒரு பந்தைப் போடுகிறார். ஹெய்ட்டிங்கா அதை வெளியேற்றப் போய்த் தவறவிடுகிறார். பந்து வில்லாவின் காலுக்கு வருகிறது, கோலுக்கு முன்னால் சில அடி தூரம். தரையில் விழுந்தவர் எழுந்திருக்க நேரமில்லை, கிடந்தபடியே உடம்பைத் திருப்பிக் குறுக்கே போடுகிறார். பந்து அவர் மேல் பட்டு கம்பத்துக்கு மேலே போகிறது. தன் தவறைத் தானே மூன்று நொடிக்குள் சரிசெய்த ஆள். அது உள்ளே போயிருந்தால் கூடுதல் நேரமே வந்திருக்காது.

அவர் வெளியேறியபின் என்ன ஆனது பாருங்கள். கேப்டன் வான் பிராங்கோர்ஸ்ட் ஏற்கெனவே வெளியே போயாயிற்று. கடைசி வரிசையில் ஆள் குறைந்ததால் வான் டெர் வார்ட் என்கிற தாக்குதல் ஆட்டக்காரர் கேப்டன் பட்டையோடு சென்டர் பேக் மாதிரி நிற்கிறார். 116ஆவது நிமிடம், அவர் தட்டிவிட்ட பந்து ஃபேப்ரிகாஸிடம் போகிறது, அங்கிருந்து இனியஸ்தா, கோல். மேலே விழுந்து தடுக்கிற வேலை தெரிந்த ஆள் அந்த இடத்தில் இல்லை. இதை நான் ஹெய்ட்டிங்காவுக்கு வக்காலத்தாகச் சொல்லவில்லை, இழுத்தது இழுத்ததுதான். ஆனால் ஒரு சென்டர் பேக் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அவரைவிட அனுபவித்துத் தெரிந்துகொண்ட கோச் உலகத்தில் யாரும் இருக்க மாட்டார்.

சரி, கோச்சிங். ஆல்ஃபன் ஆன் டென் ரைன் என்ற ஊர்க்காரர், சின்னப் பையனாக அயாக்ஸில் சேர்ந்தவர். 2001 ஆகஸ்டில் ஃபெயனூர்டுக்கு எதிராக 17 வயதில் முதல் ஆட்டம். ஆரம்பத்திலேயே முழங்கால் காயங்கள் பாடாய்ப் படுத்தின. அதைத் தாண்டி 2008 வரை அங்கேயே ஆடினார். ஆடுவதை நிறுத்தியபின் அதே அகாடமிக்குக் கோச்சாகத் திரும்பினார். 19 வயதுக்குட்பட்டோர் அணியைப் பார்த்துக்கொண்டார், அந்த அணியோடு பட்டமும் வென்றார். பிறகு 2021இல் யோங் அயாக்ஸ், அதாவது அயாக்ஸின் ரிசர்வ் அணி.

யோங் அயாக்ஸ் என்ன மாதிரி வேலை என்று தெரிந்தால்தான் மீதி புரியும். 2013இலிருந்து அது டச்சு இரண்டாம் டிவிஷனில் ஆடுகிறது. முதல் இடம் வந்தாலும் மேலே போக முடியாது, ரிசர்வ் அணிக்கு அந்த உரிமை கிடையாது. ஆட்டம் பெரும்பாலும் திங்கட்கிழமை இரவு, டே டூகொம்ஸ்ட் மைதானத்தில். பெரிய ஸ்டேடியத்திலிருந்து நடந்து போகிற தூரம். இரண்டாயிரம் பேர் உட்காரலாம், ஆனால் நான் போகிற நாட்களில் அதில் கால்வாசி நிரம்பினாலே அதிசயம். அப்பா அம்மாக்கள், ஏஜென்டுகள், வேறு கிளப்பிலிருந்து குறிப்பு எடுக்க வந்தவர்கள், என்னைப் போல வேலை முடிந்து குளிரில் நிற்கப் பிடித்த சில பேர். பக்கத்தில் நிற்பவர் ஒரு பையனின் தாத்தாவாக இருப்பார், வாயைத் திறந்து அவனைத் திட்டிவிடக் கூடாது.

அங்கே கோச்சுக்கு எந்த வாரம் எந்தப் பையன் கிடைப்பான் என்றே தெரியாது. முதல் அணியில் ஒருவருக்குக் காயம் என்றால், உங்கள் நல்ல லெஃப்ட் பேக்கைச் சனிக்கிழமை எடுத்துக்கொள்வார்கள். காயம் ஆறி வருகிற பெரிய ஆட்டக்காரரை 45 நிமிடம் ஆட வையுங்கள் என்பார்கள். எதிர் அணியில் முப்பது வயது தாண்டிய ஸ்ட்ரைக்கர், முதல் டிவிஷனில் பல வருடம் ஆடிவிட்டு இறங்கியவர், இந்த 18 வயதுப் பையனின் முதுகில் முழங்கையை வைத்து அழுத்துவார். நடுவர் பார்க்காத நேரத்தில் சட்டையைப் பிடிப்பார். யோங் அயாக்ஸ் வரிசை எப்போதும் மைதானத்தின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும், அது கிளப்பின் வழக்கம். பின்னால் 40 மீட்டர் காலி. ஒரு நீளமான பந்து வந்தால் பையன் திரும்பி ஓட வேண்டியதுதான். 3-0 தோற்றாலும் மறுநாள் கோச்சை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தப் பையன் அடுத்த வாரம் எங்கே நின்றான், எப்போது ஓடத் தொடங்கினான் என்றுதான் கேட்பார்கள். ஹெய்ட்டிங்கா இதில் கெட்டிக்காரர். ஒரு சென்டர் பேக்குக்கு நிற்கிற இடத்தைச் சொல்லிக்கொடுக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம்.

இப்போது டி போர். அவரும் டிஃபெண்டர், அவரும் அகாடமியில் இளையோர் அணியின் கோச். 2010 டிசம்பரில் முதல் அணியின் கோச் மார்ட்டின் யோல் விலகினார், இளையோர் அணியிலிருந்து இவரைத் தூக்கி முதல் அணியில் வைத்தார்கள். முதல் ஆட்டமே மிலானில், சான் சிரோவில். 2-0 ஜெயித்தார். 2011இலிருந்து 2014 வரை வரிசையாக நான்கு லீக் பட்டம். அவ்வளவுதான், அயாக்ஸுக்கு ஒரு சூத்திரம் கிடைத்துவிட்டது: நம்ம வீட்டுப் பிள்ளை, டிஃபெண்டராக ஆடியவன் என்றால் இன்னும் நல்லது, கீழே இருந்து ஏறி வரட்டும், மேலே உட்கார வைப்போம்.

அடுத்து நடந்தது என்ன? மார்செல் கைஸர் யோங் அயாக்ஸை 2016-17இல் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார், உடனே முதல் அணி, அந்த டிசம்பரிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 2023 அக்டோபரில் கோச் ஸ்டைன் போனபின் ஹெட்விகஸ் மதுரோவைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். அதற்கு முன்னால் அதே வருடம் ஜனவரியில் நம் ஆள். அப்போதைய கோச் ஸ்க்ரூடரின் அணி ஏழு லீக் ஆட்டம் ஜெயிக்காமல் கிடந்தது, ஹெய்ட்டிங்கா வந்தார், எக்செல்சியரை 4-1 ஜெயித்துத் தொடங்கினார். சீசன் முடியும்போது மூன்றாம் இடம், டச்சு கோப்பை ஃபைனலில் போட்டிக் கிளப் பி.எஸ்.வி.யிடம் பெனால்டியில் தோல்வி. மோசம் என்று சொல்ல முடியாது, கொண்டாடவும் ஒன்றும் இல்லை. ஒரு விஷயம் மட்டும் அழகாகச் செய்தார்: யொரெல் ஹாட்டோ என்ற 16 வயதுப் பையனை முதல் அணியில் இறக்கினார். அது முழுக்க முழுக்க அகாடமிக் கோச்சின் கண்.

அப்புறம் 2025. முந்தைய சீசனில் கோச் ஃபாரியோலி ஐந்து ஆட்டம் மிச்சமிருக்கும்போது ஒன்பது புள்ளி முன்னிலையில் இருந்து பட்டத்தைப் பி.எஸ்.வி.யிடம் கோட்டைவிட்டுக் கிளம்பியிருந்தார். ஊரே புண்பட்டுக் கிடந்தது. அப்போது ஹெய்ட்டிங்கா வருகிறார், தான் வளர்த்த ஹாட்டோவை அதே கோடையில் செல்சிக்கு விற்கிறார்கள். சாம்பியன்ஸ் லீகில் இண்டர், மார்சேய், செல்சி, கலாட்டாசராய், நாலும் தோல்வி. கடைசி ஆட்டத்தில் கலாட்டாசராயின் ஒசிமென் மட்டும் மூன்று கோல். மறுநாள் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், துணைக் கோச்சாக அவருக்கு உதவ சில வாரம் முன்னால்தான் மேலே சொன்ன அதே கைஸரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு முறை கையைச் சுட்ட சட்டி என்று தெரிந்தும் அதிலேயே இன்னொரு முறை கை வைத்த மாதிரி.

காலையில் வேலை இருக்கிறது. மீதியை நாளைக்குக் கேளுங்கள்.

---

ஸ்கோர்போர்டு

அண்ணா, அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ரொம்பத்தான் தாங்கிப் பிடிக்கிறீர்கள். நாலு சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் 14 கோல் வாங்கியது ஒரு சென்டர் பேக் நடத்திய அணி. மொத்தம் 15 ஆட்டம், 5 வெற்றி. நிற்கிற இடத்தைச் சொல்லிக்கொடுப்பதில் கெட்டிக்காரர் என்றால் அதை அந்த அணிக்கும் சொல்லியிருக்கலாமே? ஹாட்டோவை விற்றது நிர்வாகம், சரி. மார்சேயில் 4-0 தோற்றதும் நிர்வாகமா?

டி போரை இழுத்ததும் எனக்குச் சரியாகப் படவில்லை. டி போர் ஜெயித்ததால் ஹெய்ட்டிங்கா தோற்றார் என்பது என்ன நியாயம்?

---

ஆம்ஸ்டல்வீன்வாசி

தம்பி, மார்சேயில் தோற்றது அவர்தான், நிர்வாகம் இல்லை. அந்த ஆட்டத்தை நான் டிவியில் பார்த்தேன், முதல் அரை மணி நேரத்திலேயே அணைத்துவிடலாமா என்று தோன்றியது. நான் தாங்கிப் பிடிக்கவில்லை. அவரைத் தலைமைக் கோச்சாக மறுபடி எங்காவது பார்த்தால் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

ஆனால் சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்று கேட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் விஷயம். யோங் அயாக்ஸில் ஒரு பையனின் கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து வீடியோ காட்டலாம். முதல் அணியில் புதன்கிழமை சாம்பியன்ஸ் லீக், சனிக்கிழமை லீக், மறுபடி புதன். இடையில் உருப்படியான பயிற்சி ஒரு நாள் கிடைத்தால் பெரிது. அந்த வேலையில் தெரிய வேண்டியது வேறு: யாரை உட்கார வைப்பது, 60ஆவது நிமிடத்தில் என்ன மாற்றுவது, உடை மாற்றும் அறையில் கோபமாக இருக்கிற 27 வயதுக்காரனை எப்படிச் சமாளிப்பது. இதெல்லாம் அவருக்கு வரவில்லை. டி போருக்கே வெளியே வரவில்லையே. இண்டர் மிலானில் 85 நாள், கிரிஸ்டல் பேலஸில் 77 நாள். பேலஸில் நாலு லீக் ஆட்டம் தோல்வி, ஒரு கோல் கூட இல்லை. அயாக்ஸில் நாலு பட்டம் வென்ற அதே மனிதர்தான்.

அதனால்தான் டி போரை இழுத்தேன். ஹெய்ட்டிங்கா தோற்றதற்கு அவர் காரணம் இல்லை. ஹெய்ட்டிங்காவை அங்கே உட்கார வைத்ததற்குத்தான் அவர் காரணம். 2010இல் சான் சிரோவில் தோற்றிருந்தால் இந்தப் பழக்கமே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

நேர்மாறாக ஒருவரைப் பாருங்கள்: மைக்கேல் ரைசிகர். அயாக்ஸ், பார்சிலோனா என்று ஆடிய ரைட் பேக். 2017-18இல் யோங் அயாக்ஸை அதே இரண்டாம் டிவிஷனில் முதல் இடத்துக்குக் கொண்டுவந்தார், ஒரு ரிசர்வ் அணி அந்த லீகை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. யாரும் அவரை அயாக்ஸின் நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. பிறகு நெதர்லாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்குக் கோச்சானார், அந்த வயதினருக்கான 2025 யூரோவில் அரையிறுதி வரை கொண்டுபோனார், இங்கிலாந்திடம் 2-1 தோல்வி. அவரைப் பற்றி இப்படி ஒரு திரி ஆரம்பித்து யாரும் நல்லவரா கெட்டவரா என்று கேட்பதில்லை. ஹெய்ட்டிங்காவையும் அப்படியே விட்டிருந்தால் அவரையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

---

நீலச்சட்டை

ரைசிகர் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆசை என்று ஒன்று இருக்கிறது அண்ணா. சின்ன வயதிலிருந்து வளர்ந்த கிளப், தலைமைக் கோச்சாக வா என்று கூப்பிட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? லிவர்பூலில் சாம்பியன் அணியின் பெஞ்சை விட்டுவிட்டுப் போனார், அது சாதாரண விஷயமா?

---

கோப்_மூலை

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. மச்சானுக்கு 70ஆவது நிமிடக் காட்சியைத் தேடி அனுப்பினேன், "சரி சரி" என்று மட்டும் பதில் போட்டிருக்கிறான்.

இன்னொரு சின்னக் கேள்வி: எங்கள் கிராவன்பெர்க் 2024-25இல் திடீரென்று தடுப்பு நடுக்கள ஆட்டக்காரராக மாறிப் பிரமாதமாக ஆடினாரே, அதில் ஹெய்ட்டிங்காவுக்குப் பங்கு உண்டா?

---

ஆம்ஸ்டல்வீன்வாசி

அந்த இடத்தில் ஆட வைத்தது ஸ்லாட், பெருமை அவருக்கே. கிராவன்பெர்க் அயாக்ஸ் அகாடமியில் வளர்ந்தவர், ஹெய்ட்டிங்கா அங்கே கோச்சாக இருந்த அதே வருடங்களில். பையனாக இருந்தபோதே பார்த்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் உதவாமல் போகாது, அதற்கு மேல் நான் அளந்துவிட மாட்டேன்.

நீலச்சட்டை, ஆசை இருக்கட்டும், அதை நான் குறை சொல்லவில்லை. நான் கேட்பது கிளப்பை. ஒரு நல்ல அகாடமிக் கோச்சை மேலே தூக்கிச் சில மாதத்தில் துரத்தினால், கீழே அவர் செய்த வேலையை இனி யார் செய்வார்கள் என்று ஒருவராவது யோசித்தார்களா? இந்தத் திங்கட்கிழமை யோங் அயாக்ஸ் ஆட்டத்துக்குப் போகிறேன். 17 வயதில் ஒரு புது சென்டர் பேக் வந்திருக்கிறான், நல்ல இடது கால், ஆனால் முதுகுக்குப் பின்னால் யார் ஓடுகிறார்கள் என்று இன்னும் திரும்பிப் பார்க்கத் தெரியவில்லை. எப்படி ஆடினான் என்று செவ்வாய் இரவு இங்கேயே எழுதுகிறேன்.